இந்த சீசன் லீக்கில இறங்காட்டி கழகம் செத்துப்போகாது

தம்பி, கடிதமும் கிடைச்சது, கணக்குக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினதும் கிடைச்சது. கழகத்தின்ர பேரும் ஊரும் வெளியில வரவேண்டாம் எண்டு கேட்டபடியால் அதை விட்டுட்டு, வாசிக்கிற மற்ற ஆக்களுக்காக விசயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லுறன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு குளத்தடி ஊர். போர் முடிய இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக்பாம் முகாமால வந்து தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்த காலத்தில, 2011 ல, பெடியள் திரும்பத் தொடக்கின உதைபந்தாட்டக் கழகம். லீக்கில கீழ்ப்பிரிவில நிக்குது. போன சீசன் ரெண்டு மட்சுக்கு ஆள் சேராமல் வோக்ஓவர் (விளையாடாமலே மற்ற ரீமுக்கு வெற்றி) குடுத்தாச்சு. கோல்கீப்பர் கட்டார் போயிட்டார், ரெண்டு பேர் கொழும்பில வேலை, மூண்டு பேர் யாழ்ப்பாணப் பக்கம் காசு குடுக்கிற கழகங்களுக்கு விளையாடப் போறாங்கள். இவ்வளவு காலமும் செலவைப் பாத்த லண்டன் அண்ணை காசை நிப்பாட்டிப்போட்டார், திரும்ப அனுப்புறதெண்டால் கழகத்துக்கு தன்ர தகப்பன்ர பேரை வைக்கவேணுமாம். பக்கத்து ஊர்க் கழகம் வந்து ரெண்டையும் ஒண்டாக்குவம் எண்டு கேக்குது. வான்காரருக்கும் ஸ்போட்ஸ் சாமான் கடைக்கும் கடன். ஊர்ப் பெரியாக்கள் ஒரு சதமும் தராமல் மூடினா மானம் போயிடும் எண்டு மட்டும் சொல்லுறாங்கள். 27 வயசுச் செயலாளர் கேக்கிறது, மூடுறதா, இணையிறதா, பேரை மாத்துறதா?

நான் கோச் இல்லை தம்பி, கணக்குப் பாக்கிற ஆள். கூட்டுறவுச் சங்கம், கமக்கார அமைப்பு, கோயில் நிர்வாகம், விளையாட்டுக் கழகம் எண்டு வன்னியில பல கொப்பியள் பாத்திருக்கிறன், அதை வைச்சுத்தான் சொல்லப்போறன். மூண்டும் வேண்டாம். நீங்கள் கழகத்தையும் சீனியர் ரீமையும் ஒண்டெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள், உங்கட குழப்பம் முழுக்க அதாலதான் வருது. செத்துக்கொண்டு இருக்கிறது சீனியர் ரீம். கழகம் இன்னும் சாகேல்ல, ஆனா சீனியர் ரீமை எப்படியாவது லீக்கில நிப்பாட்டோணும் எண்டு ஓடி ஓடி கழகத்தையும் சேத்துக் கொண்டுபோய்ப் புதைக்கப் பாக்கிறீங்கள்.

கணக்கைப் பாப்பம். போன வருச வரவு 640,000 ரூபா. அதில லண்டன் அண்ணை அனுப்பினது 480,000, அதாவது நாலில மூண்டு பங்கு ஒரே ஒரு மனிசன்ர பொக்கற்றில இருந்து. மிச்சம் சுற்றுப்போட்டி வைச்சு 110,000, ஊர்க் கடையள் தந்தது 32,000, அங்கத்துவப் பணம் 18,000. செலவு 747,000. வான் ஹயர் 235,000, வெளியில இருந்து கூப்பிட்ட பிளேயர்ஸுக்கு 160,000, ஜேர்சி பூட்ஸ் 145,000, லீக் கட்டணம் மத்தியஸ்தர் சாப்பாடு எல்லாம் 103,000, மைதானத்துக்கு 12,000, பிறகு "இதர செலவு" எண்டு 92,000. வித்தியாசம் 107,000, அதுதான் வான்காரரின்ர 65,000 மும் கடையின்ர 42,000 மும். ரூபா பிசகாமல் பொருந்துது, நல்லா எழுதியிருக்கிறீங்கள்.

ஆனா கடிதத்தின்ர கடைசிப் பக்கத்தில, போறபோக்கில ஒரு வரி எழுதியிருக்கிறீங்கள் பாருங்கோ, பொருளாளர் அண்ணை மனிசின்ர சங்கிலியை அடகு வைச்சு 60,000 எடுத்து செமிபைனல் நேரம் செலவைச் சமாளிச்சவர் எண்டு. அந்த 60,000 வரவிலயும் இல்லை, அது போன இடம் செலவிலயும் இல்லை. அப்ப உண்மையான பள்ளம் 107,000 இல்லை, 167,000. உங்கட கடன் பட்டியலிலயே இல்லாத கடன்தான் உங்கட கடன்களிலயே மோசமானது, ஏனெண்டால் வான்காரர் வட்டி கேக்கமாட்டார், றோட்டில கண்டா முகத்தைத் திருப்புவார், அவ்வளவுதான். அடகு அப்படி இல்லை, அது ஒவ்வொரு மாசமும் வட்டி ஏறிக்கொண்டு கிடக்கும், தவணை தப்பினா சங்கிலி ஏலத்துக்குப் போயிடும். அந்த அக்காவுக்கு இது தெரியுமோ தெரியாதோ எண்டு நீங்கள் எழுதேல்ல, நானும் கேக்கேல்ல. முதல் கட்டவேண்டிய கடன் அது. மீட்ட பிறகுதான் மற்ற எதுவும், வான்காரரிட்டப் போய் நிலைமையைச் சொல்லி தவணை கேக்கலாம், அவரும் ஊர் ஆள்தானே.

இன்னொண்டும் தெரிஞ்சுகொள்ளுங்கோ. சட்டப்படி கம்பனி மாதிரிப் பதியாத கழகத்துக்கு தனியா ஒரு ஆள் எண்ட தகுதி கிடையாது. பிரதேச செயலகத்தில விளையாட்டு உத்தியோகத்தரிட்டப் பதிஞ்சது கழகமா அங்கீகரிக்கிறதுக்கு, அது கடனில இருந்து உங்களைக் காப்பாத்தாது. நாளைக்கு கடைக்காரர் கோட்டுக்குப் போனா கழகத்தைக் கூப்பிடேலாது, பில்லில கையெழுத்து வைச்ச உங்களையும் பொருளாளரையும்தான் கூப்பிடுவாங்கள். மூடிப்போட்டா கடனும் மூடுப்பட்டிடும் எண்டு கமிட்டியில ஒருத்தர் சொன்னவர் எண்டு எழுதியிருந்தீங்கள், அவருக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

இப்ப அதே கணக்கை வேற மாதிரிப் பாருங்கோ. லண்டன் காசு ஒரு சதமும் வராது எண்டு வைப்பம். உங்கட சொந்த வரவு 160,000. சீனியர் ரீம் லீக்கில இல்லையெண்டால் வான் இல்லை, வெளி பிளேயர் இல்லை, புது ஜேர்சி தேவையில்லை (ஒவ்வொரு வருசமும் ஏன் புது ஜேர்சி எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல, போன வருசத்து ஜேர்சி என்ன கிழிஞ்சுபோச்சா?). லீக், மத்தியஸ்தர், சாப்பாடு எண்ட 103,000 லயும் பாதி குறையும். மைதானத்துக்கு 12,000, சின்னப் பெடியளின்ர ரீமுக்கு ஒரு 40,000 ஒதுக்கினாலும் வருசத்துக்கு அம்பதாயிரத்துக்கு மேல மிஞ்சுது. அதாவது ஒருத்தரிட்டயும் கை நீட்டாமல் மூண்டு வருசத்தில கடனில்லாத கழகம். "இதர செலவு" திரும்ப 92,000 க்குப் போனா இந்தக் கணக்கு பிழைக்கும், அதையும் சொல்லிவிடுறன்.

அந்த செலவுப் பட்டியலில நான் தேடித் தேடிக் காணாத ஒண்டு, சின்னப் பெடியளுக்கு எண்டு ஒரு வரி. ஒரு பந்து கூட இல்லை. வெளியில இருந்து வந்து 90 நிமிசம் விளையாடிப்போட்டுப் போற ஆளுக்கு 160,000 குடுத்த கழகம், பள்ளிக்கூடம் முடிஞ்சு வெறுங்காலோட மைதானத்துக்கு வாற உங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு சைபர். கட்டாருக்குப் போன கோல்கீப்பரை நீங்கள் நிப்பாட்டேலாது, நிப்பாட்டவும் கூடாது, அவருக்கும் குடும்பம் இருக்கு. எங்கட பக்கத்தில 20 வயசு தாண்டின பெடியன் ஊரில நிக்கமாட்டான் எண்டதை ஒரு கணக்கா எடுத்துக்கொண்டுதான் கழகம் நடத்தோணும், ஒருத்தன் போகமுதல் ரெண்டு பேர் கீழ இருந்து வந்துகொண்டு இருக்கோணும். 16 வயசுக்குக் கீழ ஒரு ரீம், 12 க்குக் கீழ ஒரு ரீம், பெட்டையளும் வரத் தொடங்கினா அவையளுக்கும் நேரம் ஒதுக்குங்கோ, தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெட்டையள் உதைபந்தாட்டத்தில அகில இலங்கை மட்டத்தில கிண்ணம் தூக்கினதை எல்லாரும் பேஸ்புக்கில பகிர்ந்துபோட்டு எங்கட ஊர்ப் பிள்ளை பந்தைத் தொட்டா மட்டும் பேசுறது என்ன நியாயம்.

லண்டன் அண்ணையின்ர விசயம். நீங்கள் அவரைக் கொஞ்சம் கோவத்தோட எழுதியிருக்கிறீங்கள், எனக்கு அவரில அவ்வளவு கோவம் வரேல்ல. மூண்டு வருசமா அவருக்குக் கணக்கு அனுப்பேல்ல எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள், வட்ஸ்அப்பில ஜேர்சி போட்ட படங்கள் மட்டும் போயிருக்கு. அங்க குளிருக்குள்ள ரெண்டு வேலை செய்து அனுப்பிற காசு, அது எங்க போச்சு எண்டு தெரியாத மனிசன் கடைசியில பேரையாவது வைப்பம் எண்டு நினைக்கிறது பெரிய அதிசயமில்லை. ஆனா பேரை மாத்தாதேங்கோ. காரணம் மரியாதை இல்லை, கணக்கு. நாலில மூண்டு பங்கு காசு குடுக்கிற ஒருத்தருக்குப் பேரையும் குடுத்தா கழகம் அவற்ற சொத்தாயிடும், அவர் நாளைக்கு மனம் மாறினா உங்களிட்ட பேரும் இல்லை காசும் இல்லை.

அவருக்கு விளங்கிற உதாரணம் வேணுமெண்டால் அவர் இருக்கிற நாட்டிலயே இருக்கு, பெரி எண்டு ஒரு கழகம். 1885 ல தொடங்கினது, 1900 லயும் 1903 லயும் எஃப்ஏ கிண்ணம் வென்றது. 2018 கடைசியில அதை ஒருத்தர் ஒரு பவுணுக்கு வாங்கினார், ஒரு வருசம் ஆகேல்ல, 2019 ஆவணியில கடன் பிரச்சினையோட லீக்கால தூக்கி வெளியில விட்டாங்கள். நூறு வருசத்துக்கு மேல லீக்கில நிண்ட கழகம். அதே நாட்டில விம்பிள்டன் ஆதரவாளர்கள் தங்கட கழகத்தை வேற நகரத்துக்குக் கொண்டுபோக மேலிடம் அனுமதிச்ச உடன 2002 ல தாங்களே காசு சேத்து புதுசா ஒண்டு தொடங்கி ஒன்பதாம் படியில இருந்து விளையாடி 2011 ல திரும்ப லீக்குக்கு வந்தவை. கீழ இறங்கினதால அவை சாகேல்ல. அண்ணைக்கு இதைச் சொல்லுங்கோ, அவருக்கு உங்களைவிட இது நல்லாத் தெரிஞ்சிருக்கும்.

பேருக்குப் பதிலா அவருக்கு ரெண்டு விசயம் குடுக்கலாம். ஒண்டு, தகப்பன்ர பேரில நினைவுக் கிண்ணம், வருசா வருசம் நீங்கள் வைக்கிற சுற்றுப்போட்டிக்கு அந்தப் பேர். எங்கட சனம் கிண்ணத்துக்கு குடுக்கிற மாதிரி கோடு போடுற சுண்ணாம்புக்கும் வலைக்கும் குடுக்காது, அது வன்னி முழுக்கத் தெரிஞ்ச விசயம், அதை அப்படியே பாவியுங்கோ, கிண்ணக் காசில ஒரு பங்கு சின்ன ரீமுக்கு எண்டு முதலே பேசி எழுதிவையுங்கோ. ரெண்டாவது, மூண்டு வருசக் கணக்கையும், கிடக்கிற பில்லுகளையும், இல்லாத பில்லுகளுக்கு "பில் இல்லை" எண்டு எழுதின தாளையும் அனுப்பி, சீசன் செலவு கேக்காமல், ஒரே ஒருக்கா, சங்கிலியை மீட்க மட்டும் உதவி கேளுங்கோ. முடிவில்லாமல் கேட்டுக்கொண்டு இருக்கிற 480,000 ஐவிட, தொகை தெரிஞ்ச, எதுக்கெண்டு தெரிஞ்ச, முடிஞ்ச பிறகு படம் அனுப்பக்கூடிய ஒரு விசயத்துக்கு ஆக்கள் கை நீட்டிக் குடுப்பினம். மாட்டன் எண்டு சொன்னா அதோட விடுங்கோ, சண்டை பிடிக்காதேங்கோ, அடுத்த சுற்றுப்போட்டிக் காசில முதல் வேலையா அதை மீளுங்கோ.

இணையிறது பற்றி. பக்கத்து ஊர்க் கழகம் நல்ல மனசோடதான் கேக்குது போல, ஆனா அவையின்ர கடன் எவ்வளவு எண்டு நீங்கள் கேட்டதா கடிதத்தில இல்லை. ரெண்டு கடன்கார வீடு ஒரு வீடானா ஒரு பெரிய கடன்கார வீடுதான் வரும். மற்றது, ரெண்டு ஊரும் ஒண்டாக்கினா எந்த மைதானத்தில பயிற்சி, எந்த ஊர்ப் பெடியன் கப்டன், எந்தக் கோயில் திருவிழாவுக்கு மட்ச் நிப்பாட்டுறது எண்டு தொடங்கி முதல் வருசமே முறுகும், பிறகு மூண்டு கழகமா உடையும். முதல் சொன்ன பெரியில கூட ஆதரவாளர்கள் ரெண்டா நிண்டவை, அவையை ஒண்டாக்கிறதுக்கு வைச்ச முதல் வாக்கெடுப்பு 2022 ல சரிவரேல்ல, 2023 லதான் சரிவந்தது. அவசரத்தில செய்யிற வேலை இல்லை அது.

அதால நான் சொல்லுறது, உங்களிட்ட இப்ப விளையாடக்கூடிய நிலையில மிஞ்சியிருக்கிற சீனியர் பெடியளுக்கு ஒரு சீசனுக்கு மட்டும் றிலீஸ் கடிதம் குடுத்து பக்கத்து ஊர்க் கழகத்தின்ர ரீமில விளையாட விடுங்கோ. ஒரு பிளேயர் ஒரே நேரத்தில ஒரு கழகத்துக்குத்தான் பதியலாம், அதால வாய்ப்பேச்சில விடாமல் எழுத்தில, திகதி போட்டு, சீசன் முடிய திரும்பலாம் எண்டதையும் போட்டு, லீக் செயலாளருக்கும் ஒரு பிரதி குடுங்கோ. பெடியளுக்கு விளையாட்டு கிடைக்கும், பக்கத்து ஊருக்கு ஆள் கிடைக்கும், உங்களுக்கு ஒரு வருசம் மூச்சுவிட நேரம் கிடைக்கும், அந்த ஒரு வருசத்தில ரெண்டு ஊரும் ஒண்டா இருக்கேலுமோ எண்டும் தெரியவரும்.

லீக்குக்குச் செய்யவேண்டியது ஒண்டுதான், பதிவு தொடங்க முதலே எழுதிக் குடுங்கோ. சீசன் நடுவில வோக்ஓவர் குடுத்துக் குடுத்து விழுறதும், முதலே "இந்த வருசம் எங்களுக்கு ஏலாது, அடுத்த வருசம் வாறம்" எண்டு கடிதம் குடுத்து நிக்கிறதும் ஒரே விசயம் இல்லை. லீக் யாப்பை எடுத்து வாசிச்சுப்போட்டு எழுதுங்கோ, அதில ஓய்வு எடுக்கிறதுக்கு என்ன இருக்கு, அபராதம் என்ன எண்டு பாத்து அந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கோ. கடதாசி விசயத்தை லேசா எடுக்காதேங்கோ, 2023 தையில ஃபீஃபா முழு இலங்கையையுமே இடைநிறுத்தினதும் மைதானத்தில நடந்த பிழைக்கு இல்லை, நிர்வாகக் குழறுபடிக்குத்தான், ஆவணி கடைசிவரைக்கும் தேசிய அணியே சர்வதேச மட்ச் விளையாடேலாமல் இருந்தது.

சொல்லமறந்துபோகமுதல், ரெண்டு வோக்ஓவரில ஒண்டுக்கு 8 பேர் மைதானத்துக்கு வந்தும், 11 பேர் இல்லாமல் இறங்கினா வெக்கம் எண்டு திரும்பி வந்ததா எழுதியிருந்தீங்கள். தம்பி, உதைபந்தாட்ட விதியில 7 பேர் இருந்தா மட்ச் தொடங்கலாம். 8 பேரோட இறங்கி ஆறு கோல் வாங்கியிருக்கலாம், அது தோல்வி, வோக்ஓவர் இல்லை. இதைக் கமிட்டியில ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

மைதானம். பிரதேச சபையின்ர எண்டும் சொல்லுறாங்கள், கிராம அபிவிருத்திச் சங்கத்தின்ர எண்டும் சொல்லுறாங்கள் எண்டு எழுதியிருக்கிறீங்கள், இந்தப் பதிலிலயே எனக்கு ஆக யோசனையா இருக்கிற இடம் இதுதான். வன்னியில கனக்க அரச காணி, சனம் குடியிருக்கிறதே பேமிற்றில (அரச அனுமதிப் பத்திரத்தில), இடப்பெயர்வோட பழைய கடதாசி பலருக்கும் இல்லை, வன இலாகா வந்து கட்டை போட்டிட்டுப் போன இடங்களும் உங்களுக்குத் தெரியும். ஆள் புழங்காத காணி எங்கட பக்கத்தில கனகாலம் சும்மா கிடக்காது. அதால பிரதேச செயலகக் காணிப்பகுதிக்குப் போய் அந்தத் துண்டு யாற்ற பேரில, என்ன தேவைக்கெண்டு ஒதுக்கியிருக்கு எண்டு எழுத்தில கேளுங்கோ, கிராம அலுவலரையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ. பிறகு அது யாற்ற எண்டு தெரிஞ்ச பக்கத்திட்ட, கழகம் பாவிக்கிறதுக்கு ஒரு அனுமதிக் கடிதம் எடுத்துக் கோவையில வையுங்கோ. சீனியர் ரீம் ஓய்வெடுக்கிற வருசத்திலயும் மைதானத்தில கிழமைக்கு மூண்டு நாள் சின்னப் பெடியள் ஓடோணும், புல்லு வெட்டோணும், கோல்போஸ்ட்டுக்கு பெயின்ற் அடிக்கோணும். ரீமை அடுத்த வருசம் திரும்பக் கட்டலாம், மைதானம் போனா திரும்ப எடுக்கேலாது. மாரிக்கு அது தண்ணிக்குள்ள நிக்கும், அந்த மூண்டு மாசம் பள்ளிக்கூட மண்டபத்தில எண்டாலும் பெடியளைக் கூப்பிட்டு வைச்சிருங்கோ, விட்டா ஃபோனோட போயிடுவாங்கள்.

பொதுக்கூட்டம் கட்டாயம் வையுங்கோ, கமிட்டி மட்டும் இருந்து முடிவெடுத்தா பிறகு ஊர் உங்களைத்தான் பேசும். மாசி பங்குனியில வைக்காதேங்கோ, காலபோக நெல்லு வெட்டு நேரம் ஒரு சனமும் வராது, வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். சித்திரை வருசப்பிறப்புக்கு கொழும்பில இருக்கிற பெடியளும் வருவாங்கள், அந்தக் கிழமையில ஒரு பின்னேரம் வையுங்கோ. பெரியாக்களுக்கு நேர போய்ச் சொல்லுங்கோ, மானத்தைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் முன்வரிசையில இருந்து கணக்கைக் கேக்கட்டும், கேட்டு முடிய வருசத்துக்கு ஆயிரம் ரூபா அங்கத்துவப் பணம் கட்டுவினமோ எண்டு அந்த இடத்திலயே கேளுங்கோ. கூட்ட அறிக்கை எழுதி தலைவரும் நீங்களும் கையெழுத்து வையுங்கோ, பாங்க் எக்கவுண்டில கையெழுத்து மாத்திறதுக்கும் அதைத்தான் கேப்பாங்கள். கட்டாருக்குப் போனவற்ற கையெழுத்து இன்னும் எக்கவுண்டில கிடக்கு எண்டு எழுதியிருந்தீங்கள், அதை இப்பவே மாத்துங்கோ.

நோட்டீசில "கழகத்தின் எதிர்காலம்" எண்டு போடவேண்டாம், ஊர் அண்டைக்கே கழகம் மூடுது எண்டு கதை கட்டிவிடும். கணக்கறிக்கை, கடன், சிறுவர் அணி எண்டு மூண்டு விசயத்தை மட்டும் போடுங்கோ. கூட்டத்துக்கு முதல் அந்த 92,000 ஐயும் பிரிச்செழுதி எனக்கு ஒருக்கா அனுப்புங்கோ, பில் இல்லாத இடத்தில யார் எடுத்தது, என்னத்துக்கு எண்டாவது எழுதுங்கோ, பாத்துத் திருத்தி அனுப்புறன், அதுக்குக் காசு வேண்டாம்.